தேடியவர் கேட்டது என்ன, நாம் காட்டியது என்ன: விளம்பர அனுபவங்கள்

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவர்

கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டும் நம் ஊர்க்காரர்கள் பலரும் மாதக் கடைசியில் எத்தனை கிளிக், எவ்வளவு செலவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதே விளம்பரக் கணக்கில் 'தேடல் சொற்கள்' என்று ஓர் அறிக்கை இருக்கிறது. இந்தச் சொல்லைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் ஏலம் கேட்ட குறிச்சொல் வேறு, தேடியவர் தட்டிய வாசகம் வேறு. அந்த வாசகம் இந்த அறிக்கையில்தான் தெரியும்.

எங்கள் குறிச்சொற்கள் 'ராமேஸ்வரம் ரூம்', 'ராமேஸ்வரம் ஹோட்டல்' என்ற வகை. பரந்த பொருத்தத்தில், அதாவது ஓரளவு தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் வரும் வகையில் ஓடின. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே 'ராமேஸ்வரம் கஃபே மெனு' நின்றது. பெங்களூரில் அந்தப் பெயருள்ள உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நிற்பவருக்கு அக்னி தீர்த்தம் பக்கத்து ஏசி அறையைக் காட்டிக்கொண்டிருந்தது விளம்பரம். 'கஃபே', 'மெனு', 'பெங்களூரு' மூன்றையும் விலக்குச் சொற்களில் (இவை உள்ள தேடலுக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் பட்டியலில்) சேர்த்ததும் அந்தச் செலவு நின்றது.

அடுத்தது 'இலவச மடம்' என்ற தேடல்; காசு கொடுத்து அறை எடுக்காதவர்கள். எங்கள் விளம்பரத்தைக் கவனிக்கும் மதுரைத் தம்பி, 'இலவச' என்ற ஒரு சொல்லை விலக்கிவிட்டால் போதும் என்றார். நான் விடவில்லை. ஒற்றைச் சொல்லாக விலக்கினால் அந்தச் சொல் உள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வராது. நாலு வரி தள்ளிப் பார்த்தால் 'இலவச பார்க்கிங் உள்ள விடுதி ராமேஸ்வரம்' என்று ஒருவர் தேடியிருக்கிறார். குடும்பத்தோடு வேனில் வருகிறவராக இருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் கோயில் பக்கம் வண்டி நிறுத்துவது என்ன பாடு என்று அறிந்தவர். அவரையா விரட்டுவது? 'இலவச மடம்', 'இலவச ரூம்' என்று சொற்றொடர்களாக மட்டும் விலக்கச் சொன்னேன்.

தனுஷ்கோடி விஷயத்தில் இன்னும் பெரிய வாக்குவாதம். 'தனுஷ்கோடியில் தங்க ரூம்' என்று தேடுகிறார்கள், நம் விடுதி அங்கே இல்லை, வீண் செலவு என்றார் தம்பி. 1964 புயலில் அழிந்த ஊர் அது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். அங்கே அறை தேடுகிறவர் கடைசியில் ராமேஸ்வரத்தில்தான் தலை சாய்க்க வேண்டும். ஆகவே அந்த வாசகத்தைத் தனிக் குறிச்சொல்லாக்கி, 'பகலில் தனுஷ்கோடி, இரவு ராமேஸ்வரத்தில்' என்று தனி விளம்பரமே எழுதவைத்தேன். நன்றாக ஓடுகிறது. மதுரையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராமநாதபுரம், மிளகாய் வற்றல் வியாபாரம்

அண்ணன் பாடு பரவாயில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பரவுகிறதே என்று அதையே குறிச்சொல்லாகப் போட்டோம். வந்து குவிந்தவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்! 'புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் எது', 'புவிசார் குறியீடு பட்டியல் பிடிஎஃப்' என்று வரிசையாக. படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், நம் காசிலா? 'பட்டியல்', 'பிடிஎஃப்', 'வினா விடை' எல்லாவற்றையும் விலக்கினோம்.

'மிளகாய் விலை இன்று' என்று தேடுகிறவர்கள் விவசாயிகள். மூட்டையை மண்டிக்கு ஏற்றலாமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா என்று பார்க்கிறார்கள். அதற்காக 'விலை' என்ற சொல்லையே விலக்கினால் 'குண்டு மிளகாய் ஒரு கிலோ விலை' என்று கேட்கும் வீட்டுக்காரம்மாவும் போய்விடுவார். 'விலை இன்று', 'இன்றைய விலை' இரண்டையும் சொற்றொடராக விலக்கியிருக்கிறேன். தமிழில் விளம்பரம் செய்வோருக்காக ஒன்று: விலக்குச் சொல்லுக்குச் சொந்தபந்தம் கிடையாது. 'விதை'யை விலக்கினால் 'விதைகள்' வரும், 'நாற்று' வரும், ஆங்கில எழுத்தில் தட்டிய அதே சொல்லும் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

மண்டபம், வாடகைக் கார்

எங்கள் மண்டபம், ராமேஸ்வரம் தீவுக்குப் பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன் உள்ள ஊர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்ற பிறகு 'மண்டபம் ராமேஸ்வரம் கார்' என்ற தேடல்தான் எனக்குச் சோறு போட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்தார்கள். அதன்பின் அதே குறிச்சொல்லுக்குள் 'ராமேஸ்வரம் ரயில் நேரம்', 'பாம்பன் புதிய பாலம் வீடியோ' என்று வர ஆரம்பித்தன. ஒருமுறை ஒழுங்குபடுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

மேலே சொன்ன மதுரைத் தம்பி

கோபமில்லை அண்ணே. தனுஷ்கோடி உங்கள் வெற்றிதான். ஆனால் மற்ற அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அறிக்கையில் எல்லாத் தேடலும் இருக்காது. 2020 செப்டம்பர் முதல், மிகச் சிலரே தேடிய வாசகங்களை கூகுள் காட்டுவதில்லை. அதனால் அறிக்கையில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தக் கிளிக்குகளோடு ஒத்துப்போகாது. பணம் எங்கோ காணாமல் போனதாக என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்றையும் அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். விளம்பரம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும், வெளியூர்ச் செலவு வேண்டாம் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். பக்கத்திலிருக்கும் உச்சிப்புளிக்காரருக்கு ராமேஸ்வரத்தில் எதற்கு ரூம்? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வீட்டிலிருந்தபடி பயணம் திட்டமிடுகிறவர்கள் அல்லவா அறை எடுப்பார்கள்? ஆனால் பஸ் நிலையத்தில் பையோடு இறங்கி, கைபேசியில் 'பக்கத்தில் ரூம்' என்று தேடுகிறவர்களும் உண்டு என்றார். அதுவும் நியாயம். அவர்களுக்காக ராமேஸ்வரம் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி ஒரு பிரசாரத்தை (தனி அமைப்புகளோடு ஓடும் விளம்பரத் தொகுப்பை) தனியாகப் பிரித்தேன். அதில் இணையதள இணைப்பைவிடத் தொலைபேசி எண்ணை முன்னே வைத்தேன். கையில் பையோடு நிற்பவர் படிவம் நிரப்ப மாட்டார், அழைப்பார். அந்தப் பிரசாரத்தின் தேடல் சொற்களை மட்டும் அமாவாசை வாரங்களில் தினமும் பார்க்கிறோம். மற்றதை மாதம் இருமுறை பார்த்தால் போதும்.