பெரிய வீட்டுக் குழுவில் ஃபிரிஸ்பீ வரலாறு

நான்: ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் துண்டறிக்கை அச்சடிக்கிறோம். பின்பக்கத்தில், டிஸ்க் என்னும் வட்டத் தட்டை எறிந்து பிடித்து ஆடும் எங்கள் ஃபிரிஸ்பீ அணியின் வரலாறு வர வேண்டும். நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள்.

அண்ணன்: இதில் என்ன சந்தேகம்? பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடிப் பழகி, சேலத்துக்கு முதல் டிஸ்க்கைக் கொண்டுவந்தவன் நான்.

அத்தை: கொண்டுவந்தது நீ. காசு யாருடையது? பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக்கொள் என்று நான் அனுப்பிய பணம் அது.

அண்ணன்: 175 கிராம், போட்டிக்குரிய டிஸ்க், அத்தை. எந்தச் சட்டையும் அத்தனை நாள் உழைத்திருக்காது.

பாட்டி: நான் வடகம் காயவைத்த வெள்ளைத் தட்டா?

நான்: அதுவேதான் பாட்டி. அமெரிக்காவில் மாணவர்கள் ஃபிரிஸ்பி பேக்கரியின் காலித் தகரத் தட்டுகளைத்தான் எறிந்து விளையாடினார்கள். நீங்கள் அதைத் திரும்பச் சமையலறைக்கே அழைத்துப் போய்விட்டீர்கள்.

பெரியப்பா: நடுவரே இல்லாத ஆட்டத்துக்கு வரலாறு வேறா?

நான்: இருக்கிறது பெரியப்பா. 1968இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கியது, அல்டிமேட் என்ற இந்த அணி ஆட்டம். பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடியிருக்கிறார்கள். 1972இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் கல்லூரிப் போட்டியும் வாகன நிறுத்துமிடத்தில்தான். ரட்கர்ஸ் 29–27 என்று வென்றது.

சித்தப்பா: அப்படியானால் நம் பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஆடியதையும் தலை நிமிர்ந்து எழுதலாம். முகூர்த்த நாள் என்றால் விரட்டிவிடுவார்கள். மார்கழியிலும் ஆடியிலும்தான் ஒழுங்காகப் பயிற்சி நடந்தது.

அண்ணன்: ஆடியிலும் எங்கே? கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்ததும் பாதி அணி காணாமல் போய்விடும். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. நான்கு மூலைக்கும் செருப்புதான் அடையாளம். மணலில் பாய்ந்து பிடித்த பழக்கத்தில் முதல் நாளே சிமென்ட் தரையில் பாய்ந்தேன்.

அத்தை: மருந்து போட்டதும் நான்தான். அதையும் எழுது, கண்ணு.

நான்: பெண்கள் சேர்ந்த கதைக்கு வருகிறேன். ஏழுக்கு ஏழு ஆட ஆள் போதவில்லை. ஓரமாக இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டார்கள்.

அண்ணன்: தவறு. கலப்பு அணி முதலிலிருந்தே என் எண்ணம்.

நான்: எண்ணம் இருந்திருக்கலாம். அழைப்பு, ஆள் குறைந்த பிறகுதான் வந்தது.

பெரியப்பா: இப்போது யார் தீர்ப்புச் சொல்வது?

நான்: யாரும் இல்லை. ஒருவர் ஃபவுல் என்கிறார், மற்றவர் மறுக்கிறார், பேசியும் முடியவில்லை என்றால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பிவிடும். ஆட்டம் அங்கிருந்து தொடரும். உலகப் போட்டிகளிலும் ஆடுபவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பெரியப்பா: கபடியில் இப்படி விட்டிருந்தால், அம்மாப்பேட்டைக்காரர்களோடு நான் இன்னும் அதே ஆட்டத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அண்ணன்: ஏற்காட்டில் ஆடியதை விட்டுவிடாதே. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தவர்கள் எல்லாம் மேலே போய் வெறிகொண்டு ஓடினார்கள். மூடுபனியில் டிஸ்க் கையில் பட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு காற்று வந்தது, நேராகக் காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டது. பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எடுத்து எறிந்தார் பாருங்கள், எங்கள் அணியில் ஒருவருக்கும் அப்படி நேராகப் போனதில்லை.

அத்தை: அவரை அணியில் சேர்த்திருக்க வேண்டும்.

நான்: சரி, எழுதிவிட்டேன். டிஸ்க் அண்ணன் கொண்டுவந்தது, பணம் அத்தையுடையது. பெண்கள் ஆள் பற்றாக்குறையால் வந்தார்கள், அண்ணன் மறுக்கிறார் என்றும் போட்டிருக்கிறேன். அச்சகத்துக்கு அனுப்பட்டுமா?

சித்தப்பா: பொறு. மண்டபத்தின் பெயரை மட்டும் எடுத்துவிடு. ஐப்பசிக் கல்யாணத்துக்கு அங்கேதான் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.