பெரிய கத்தியில் பிடிதான் முதல்: மழை மலையில் கண்டது

தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்குவது, சில்வர் ஓக் கிளை கழிப்பது எல்லாவற்றுக்கும் அப்பா காலத்திலிருந்து அரிவாள்தான். எனக்குக் கத்திமேல் ஆசை அதிகம். ஆறு வருடத்தில் மடக்காத பெரிய கத்தி மூன்று வாங்கி, மூன்றையும் இதே வேலையில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலாவது கேபார். 1942-இல் அமெரிக்க மரீன் படை எடுத்துக்கொண்ட மாதிரி, 7 அங்குல அலகு. தோல் வட்டுகளை அடுக்கி இறுக்கிய பிடி. காய்ந்த கைக்கு அதைப் போல் சுகம் வேறில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் தோல் ஊறி, வட்டுகளின் இடுக்கில் பூசணம் பிடித்துவிட்டது. இப்போது துடைத்து மெழுகு தேய்த்து வீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, ரப்பர் பிடி போட்ட 9 அங்குலக் கத்தி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நனைந்த கையிலும் வழுக்காது என்றுதான் வாங்கினேன், வழுக்கவும் இல்லை. ஒரு நாள் காலை, மணிக்கட்டுக் கனத்தில் ஓர் ஓக் கிளை. நாலாவது வெட்டில் கை திடீரென்று லேசாகிவிட்டது. பிடி மட்டும் கையில் இருக்கிறது, அலகு ஆறடி தள்ளிச் செடியடியில் கிடக்கிறது. கொஞ்சம் முன்புவரை தம்பி மகன் அங்கேதான் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

முறிந்த இடத்தை வெயிலில் வைத்துப் பார்த்தேன். ரப்பருக்குள் போன இரும்பு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அலகு குறுகிப் பிடிக்குள் நுழையும் வாலாகும் மூலையை வளைவே இல்லாமல் கட்டமாக வெட்டியிருந்தார்கள்; அடியெல்லாம் அந்த மூலையில்தான் குவியும். முறிவில் பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு. அப்படியென்றால் விரிசல் பல நாளாக உள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பர் மூடியிருந்ததால் தெரியவில்லை.

அதனால்தான் மூன்றாவதாக எஸ்சீ 6 என்ற கத்தி. அலகின் இரும்பே பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓடுகிறது, விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. இருபுறமும் மைகார்ட்டா, அதாவது துணியை அடுக்கிப் பிசினில் தோய்த்து அழுத்தியது. நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். விறகு பிளக்க அருமை. ஆனால் பிடி தட்டை. ஒரு மணி நேரம் கிளை கழித்தால் உள்ளங்கை எரிகிறது. எளிதில் துருப்பிடிக்கும் 1095 ரக எஃகு என்பதால் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாளே துரு.

கிளை கழிக்க இன்றும் லாரி வில்பட்டையில் அடித்த அப்பாவின் அரிவாள்தான். கனம் மூக்குப் பக்கம்; வீசினால் அதுவே இறங்கும். மரப்பிடியின் கடைசி பருத்திருப்பதால் சுண்டுவிரல் அங்கே தங்கிக்கொள்ளும், இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம். விலை உயர்ந்த கத்தியில் நான் தேடியது இதைத்தான். உங்கள் கத்திகள் மழையில் எப்படி, சொல்லுங்கள்.

மன்னவனூரிலிருந்து:
அண்ணா, தம்பி மகனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். எங்கள் வீட்டில் பட்டாளத்து மாமா கொண்டுவந்த குக்குரி, அதாவது கூர்க்காக்களின் வளைந்த கத்தி இருக்கிறது. பிடி நடுவில் ஒரு வளையம் எழும்பியிருக்கும். மாமாவுக்கு அது விரல் இடுக்கில் சரியாக உட்காரும், எனக்குக் கை பெரிது, நடுவிரலை அறுக்கிறது. அப்புறம், அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததில் மரம் காய்ந்து பிடி ஆட ஆரம்பித்தது. தண்ணீரில் ஊறவைத்தேன், இறுகியது. இரண்டே நாளில் முன்னைவிட மோசமாக ஆடியது. கடைசியில் பட்டறையில் ஆசாரி பழைய பசையைச் சுரண்டி, அரக்கை உருக்கி ஊற்றி இறக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆடவில்லை.

தாண்டிக்குடி:
ஊறவைப்பதை நானும் செய்திருக்கிறேன் தம்பி, இனி மாட்டேன். அந்த வளையத்தை மட்டும் அரம் போட்டுக் கொஞ்சம் தணித்துப் பாருங்கள். ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள், வீசும்போது கை நழுவாமல் காப்பதும் அதுதான்.