புதுப்பிப்பு: வீட்டுக்கு முதல் வெல்டிங் மெஷின், மிக் வாங்கிவிட்டேன்

பழைய மாருதி 800-இன் தரைத்தகடு துருப்பிடித்துவிட்டது, அதை வெல்டிங் செய்து ஒட்ட ஆர்க் மெஷின் (கையால் ராடு பிடித்து ஒட்டுவது) போதுமா, மிக் (சுருளிலிருந்து கம்பி தானாக வந்து ஒட்டுவது) வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மிக் தான் வாங்கினேன். கேட், கிரில் வேலைக்கு ஆர்க் அருமையானது. ஆனால் கார் தகடு பெரும்பாலும் 1 மி.மீ. கூட இருக்காது, 2.5 மி.மீ. ராடு வைத்தால் சட்டென்று ஓட்டை விழுந்துவிடும்.

வெல்டிங்கைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் தனியாகத் தேவைப்படாத, உள்ளே மருந்து நிரப்பிய ஃப்ளக்ஸ் கம்பியில் தொடங்கச் சிலர் சொன்னீர்கள். போட்டுப் பார்த்தேன், சூடும் பொறியும் அதிகம். ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரும் 0.8 மி.மீ. சாதா கம்பியும் வந்த பிறகு வேலை எவ்வளவு சுத்தம்! கம்பி மாற்றும்போது துருவத்தையும் (பாசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பை) மாற்ற வேண்டும்: ஃப்ளக்ஸ் கம்பிக்குப் பொதுவாக டார்ச் (கம்பி வெளியே வரும் கைப்பிடி) நெகட்டிவ், கேஸோடு போடும் சாதா கம்பிக்கு பாசிட்டிவ்.

அப்புறம், நீளமாக இழுக்காதீர்கள். பொட்டுப் பொட்டாக, தள்ளித் தள்ளி வைத்து ஆறவிட்டால் தகடு அவ்வளவாக நெளியாது. தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. 800-இல் டேங்க் பின்னால் இருக்கிறது, பைப் தரைக்கு அடியில்தான் முன்னால் வருகிறது.