தேர் ஓடியது, ரோல் ஓடவில்லை

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தைப் படமெடுக்க, எங்கள் அப்பா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமராவை அக்காள் மகன் எடுத்து வந்திருந்தான். வாகையடி முக்கில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், டவுனில் வெகுகாலம் ஸ்டுடியோ நடத்தியவராம், ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்தும் லீவரை அவன் தள்ளுவதையே சற்று நேரம் கவனித்துவிட்டு, “தம்பி, இடதுபக்கக் குமிழ் சுத்தவே மாட்டேங்கு, பாத்தியளா? ரோல் ஓடல” என்றார். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று சொல்லும் எண் காட்டியோ 14 என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேமராவில் எண், லீவரோடு சேர்ந்து நகர்வது. பிலிம் மாட்டியிருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இடதுபக்கத்து ரீவைண்ட் குமிழ்தான் (பிலிமைத் திரும்ப ரோலுக்குள் சுற்றுவது) ரோலின் உள்ளச்சைப் பிடித்திருப்பதால், பிலிம் நகர்ந்தால் அதுவும் எதிர்த்திசையில் சுழன்றாக வேண்டும்.

அண்ணாச்சி உடனே பின்கதவைத் திறந்துவிடவில்லை. அடியிலுள்ள, பிலிமை விடுவிக்கும் பொத்தானை அழுத்தாமலே குமிழை மெல்ல அரைச்சுற்று திருப்பினார். பிலிம் மாட்டியிருந்தால் அது இறுகி நின்றிருக்கும், இதுவோ தளர்வாகவே சுழன்றது. அதற்கு மேல் திருப்பினால் பிலிமின் நுனியான வால் ரோலுக்குள் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டார். கடைப் பந்தலின் நிழலில், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று திறந்தபோது, வால், பிலிமை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் வலதுபக்கச் சுருளின் பிளவிலிருந்து நழுவிக் கிடந்தது. எடுத்ததாக நினைத்த படங்கள் ஒன்றுகூடப் பதியவில்லை என்றாலும், ரோலுக்குள் இருந்த பிலிம் வெளிச்சம் படாததால் அதையே மறுபடி போட முடிந்தது.

அவர் போட்ட விதத்தைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வால் பகுதியில் ஒரு விளிம்பில் மட்டுமே துளைகள் உண்டு என்பதால், வாலைப் பிளவில் செருகியவுடன் மூடிவிடாமல், முழு அகலப் பிலிம் வந்து இரு விளிம்புத் துளைகளும் பற்சக்கரத்தில் அமரும்வரை லீவரைத் தள்ளினார். மூடிய பின் குமிழைத் திருப்பித் தொய்வை எடுத்தார். வெறுமனே இரண்டு கிளிக் செய்தபோது குமிழ் சுழன்றதைப் பார்த்த பிறகே கேமராவை அவனிடம் நீட்டினார்.

ரோல் முடிந்து லீவர் பாதியில் நின்றால் பலம் காட்டக் கூடாது. பிலிம் உள்ளச்சிலிருந்து பிய்ந்துவிடும். அடிப்பொத்தானை அழுத்திவிட்டு, குமிழின் மடங்கிய கைப்பிடியை விரித்து அம்புக்குறியின் திசையில் சுற்ற வேண்டும். கடைசியில் சிறு இறுக்கம் வந்து சட்டென விடுபடும். வால் கழன்ற நேரம் அது. கழுவுவதற்கு வசதி என்று அண்ணாச்சி அங்கேயே நிறுத்தி வாலை வெளியே விடச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வால் நீட்டிக்கொண்டிருக்கும் ரோலைப் புதியதென்று நினைத்து யாரேனும் மறுபடி போட்டால் படத்தின் மேல் படம் விழும்; ஆகவே முழுவதும் உள்ளே சுற்றிவிடச் சொல்வேன்.

பிய்ந்தே விட்டால், ஸ்டுடியோக்காரர்களின் கைவிட்டு வேலை செய்யும் கருப்புப் பை வேண்டும். இல்லையென்றால் இரவில், சன்னலில்லாத அறையில், கம்பளிக்குள் கேமராவைத் திறந்து, பிலிமைக் கையால் சுற்றி, ஒளிபுகாத கருப்பு டப்பாவில் அடைத்து, ‘இருட்டில் திறக்கவும்’ என்று எழுதிக் கழுவக் கொடுக்கலாம்.