புதுப்பிப்பு: உலர் உணவா, டப்பா உணவா என்ற நாய் உணவுக் கேள்விக்குக் கிடைத்த விடை

புரதம் 24 சதவீதம் உள்ள உலர் உணவு நல்லதா, 8 சதவீதமே உள்ள டப்பா உணவு நல்லதா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஈரப்பதத்தைக் கழித்துக் கணக்கிடும்படி சொன்ன யோசனையே பலித்தது. உலர் உணவில் ஈரம் 10 சதவீதம் என்பதால், மீதமுள்ள 90 பங்கில் 24 பங்கு, அதாவது ஏறத்தாழ 26.7 சதவீதம் புரதம். டப்பாவிலோ ஈரமே 80 சதவீதம் என்பதால், மீதி 20 பங்கில் 8 பங்கு, அதாவது 40 சதவீதம். நான் மட்டமென்று ஒதுக்கியதுதான் முந்தியது.

எதிர்பாராதது ஒன்றுண்டு. அந்த டப்பாவின் பின்புறம், பூதக்கண்ணாடி தேவைப்படும் பொடி எழுத்தில், ‘துணை உணவு’ என்றிருந்தது. நாய்க்கு வேண்டிய எல்லாச் சத்தும் அதில் மட்டுமே கிடைத்துவிடாது. ஆகவே, ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற குறிப்புள்ள உலர் உணவையே அன்றாடம் வைத்து, டப்பா உணவை வாரம் இருமுறை சிறிதளவு கலந்து கொடுக்கிறோம்.