பென்சில்வேனியா (அமெரிக்கா): மனை பிரிக்க மனு கொடுத்து 90 நாள் முடிந்தது. ஒப்புதல் கிடைத்ததாகுமா? (மே 14, 2020)

கேள்வி:
வணக்கம். எங்கள் இடத்தை இரண்டு மனையாகப் பிரிக்க டவுன்ஷிப்பில் (எங்கள் ஊர் உள்ளாட்சி) ஜனவரி 21 அன்று மனு கொடுத்தோம். பின்பக்க மனையில் அம்மா அப்பாவுக்குச் சின்ன வீடு கட்ட ஆசை. இத்தகைய மனுக்களைப் பரிசீலிக்கும் உள்ளூர்க் குழுவான பிளானிங் கமிஷனின் அடுத்த கூட்டம் பிப்ரவரி 11. அதிலிருந்து 90 நாளில் முடிவு என்றார்கள். அது மே 11 உடன் முடிந்துவிட்டது. கொரோனாவால் மார்ச், ஏப்ரல் கூட்டங்கள் நடக்கவில்லை. இப்போது கால நீட்டிப்புக் கடிதம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எதுவரை நீட்டிப்பு என்று அதில் தேதியே இல்லை. போடலாமா?

பதில் 1:
போடாதீர்கள். குறித்த நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே அர்த்தம். நகராட்சித் திட்டமிடல் சட்டம், பிரிவு 508 பாருங்கள்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னது சாதாரண நாட்களுக்குச் சரி. இப்போது அதை நம்பி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. ஏப்ரல் 20 அன்று ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட 15ஆம் சட்டம் இந்தக் கெடுவை நிறுத்தி வைத்திருக்கிறது. பேரிடர் அவசரநிலை அறிவித்த மார்ச் 6 அன்று நாள் கணக்கு நின்றது. சட்டம் வந்து 30 நாள் கழித்து, அதாவது மே 20 அன்று, மறுபடி ஓடத் தொடங்கும். விட்ட இடத்திலிருந்துதான் ஓடும், ஒன்றிலிருந்து அல்ல. உங்களுக்கு மார்ச் 6 வரை 24 நாள் போயிருக்கிறது, மீதி 66. மே 20லிருந்து எண்ணினால் ஜூலை 25 வருகிறது. இந்த நீட்டிப்பை டவுன்ஷிப் உங்களுக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். அப்படி ஏதாவது கடிதம் வந்ததா, மின்னஞ்சலில் தேடுங்கள்.

கேட்டவர்:
வந்திருக்கிறது அண்ணா, ஸ்பாமில் கிடந்தது! அப்படியென்றால் கையெழுத்தே தேவையில்லையா?

பதில் 3:
நான் சர்வே வேலையில் இருக்கிறேன். ஜூலை 25 வரை அவர்களுக்கு அது தேவையில்லைதான். ஆனால் ஒரேயடியாக மறுக்காதீர்கள். டவுன்ஷிப் எஞ்சினியர் எழுதிய குறைகள் பாக்கி இருந்தால், கெடு நெருங்கும்போது மனுவை நிராகரித்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்காது. அப்புறம் புது மனு, புதுக் கட்டணம். ஒரு தேதியைப் போட்டுத் தரச் சொல்லி, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள். தேதி இல்லாத கடிதத்தில் மட்டும் வேண்டாம், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தை இணையவழியில் நடத்தச் சொல்லியும் எழுத்தில் கேளுங்கள். நடத்துவது அவர்கள் விருப்பம், ஆனாலும் கேளுங்கள். உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டிவிடுவது நல்லது.

கேட்டவர் (மே 18):
பேசினேன். ஆகஸ்ட் 31 என்று தேதி போட்டுத் திருத்திய கடிதம் வந்தது, வக்கீல் பார்த்த பிறகு கையெழுத்திட்டேன். ஜூன் கூட்டம் ஜூமில் நடக்கிறது, எங்கள் மனுவும் அதில் இருக்கிறது. அதற்குள் மழைநீர் வடிகால் வரைபடத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். மூவருக்கும் நன்றி.