இரண்டு வருடமாகத் தாத்தா “சரி, சரி” என்றுதான் சொன்னார்

2025 மே மாதம், பள்ளி விடுமுறை விட்டதும் மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். சோழவந்தானுக்குப் பக்கத்தில், வைகைக்குத் தென்கரையில் எங்கள் ஊர். என் அப்பாவைப் பெற்றவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு 84 வயது, அப்பத்தாவுக்கு 79. பெற்றவர்களைப் போனிலேயே விசாரித்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் மதுரையில் இறங்கி, ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்தோம். கொச்சடை, துவரிமான், மேலக்கால் என்று பஸ் போகப்போகத் தென்னையும் வாழையும் வந்துவிடும், காற்றே மாறிவிடும். மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். நான் இரண்டு வருடம் கழித்து அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொடிக்கால் உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வெற்றிலைத் தோட்டத்தை நாங்கள் கொடிக்கால் என்போம். முதலில் அகத்தியை வரிசையாக விதைத்து வளர்த்துவிட்டு, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை நட்டு அகத்தியிலேயே ஏற்றிக் கட்டுவார்கள். உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தாத்தாவால் இப்போது பெரிதாக வேலை செய்ய முடியாது, குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஆனாலும் காலையில் ஒரு நடை போய் நின்று பார்க்காமல் அவருக்குக் காப்பி இறங்காது.

வந்த மறுநாள் காலை தாத்தா முன்னால் போக, நானும் மகளும் பின்னால் வாய்க்கால் ரோட்டில் நடந்தோம். எதற்கோ மகள், “பெரிய தாத்தா, பெரிய தாத்தா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவர் திரும்பவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் பின்னாலிருந்து தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நாங்கள் ஒதுங்கிவிட்டோம். தாத்தா நடு ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தார். டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தியபோது அவருக்கும் வண்டிக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டதும்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவைக் கேட்டேன்.

“ரெண்டு வருசமாவே அப்படித்தான்யா. நான் கிட்டக்க நின்னு பேசினா கொஞ்சம் கேக்கும். போன்ல நீ என்ன சொன்னாலும் அவருக்குக் கேக்காது. நான்தான் பக்கத்துல நின்னு கையில தட்டுவேன். ஒரு தட்டு தட்டினா ‘நல்லாருக்கேன்’, ரெண்டு தட்டினா ‘சரி, சரி’. சொன்னா புள்ளைக வேலையைப் போட்டுட்டு ஓடியாருவீங்கன்னு சொல்ல வேணாம்னுட்டாரு.”

எனக்கு உடனே ஒரு ஞாபகம் வந்தது. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்த செய்தியைப் படித்ததும் ஆபீஸ் மாடிப்படியில் நின்று அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஆயுசு முழுக்க வெற்றிலை கிள்ளிய மனிதர், துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். “சரி, சரி. நல்லாருக்கேன். பாப்பா நல்லாருக்காளா?” என்றார். வயதாகிவிட்டது, எதிலும் பிடிப்புப் போய்விட்டது என்று அன்றைக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தச் செய்தி அவர் காதில் விழவே இல்லை என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. அப்பாவும் விசேஷங்களுக்கு ஒரு நாள் வந்து மறுநாள் சென்னை திரும்பிவிடுவார். மேளச் சத்தத்தில் யாருக்கு யார் பேச்சு கேட்கிறது?

திண்ணையில் அவருக்கு நேராக உட்கார்ந்து, வாயைப் பார்க்கச் சொல்லி, புவிசார் குறியீடு என்றால் என்ன என்று நிதானமாகச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நம்ம வெத்தலைக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே மதுரைக்குக் கூட்டிப்போயிருப்பேன், அவர்தான் வரமாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தார். முதலில் ஒரு காது மெஷின் கடைக்குப் போனது என் தவறு. காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் எண்பதாயிரம் ரூபாயில் ஒன்றைக் காட்டி, இன்றைக்கே வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். வெளியே வந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் பார்த்ததும் சொன்ன முதல் விஷயம், இரண்டு காதிலும் குறும்பி கல்லாக இறுகிக் கிடக்கிறது என்பது. சொட்டு மருந்து கொடுத்து ஐந்து நாள் ஊறவிட்டு, பிறகு கழுவி எடுத்தார். அதிலேயே கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துப் பரிசோதனை செய்தார்கள்.

“என்ன வேலை பார்த்தார்?” என்று டாக்டர் கேட்டார். கொடிக்கால் தவிர, பத்தொன்பது வருடம் ரைஸ்மில்லில் இன்ஜின் பக்கத்தில் நின்றவர் என்றேன். வயதும் அந்த இரைச்சலும் சேர்ந்துதான் என்றார். இந்த மாதிரிக் குறைபாட்டில் கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகுமாம். அதனால் சிறு பிள்ளைகளின் குரல் பிடிபடுவது கஷ்டம். சொற்களிலும் ச, த மாதிரி எழுத்துகள் தேய்ந்துபோய், பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. கத்திப் பேசினாலும் அது தெளிவாகாது, முகத்துக்கு நேராக நின்று நிறுத்திப் பேசுங்கள் என்றார். என் மகள் கூப்பிட்டதும் அப்பத்தா கூப்பிட்டதும் அவருக்கு ஏன் வேறு வேறாக இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. மெஷினைச் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றும், செவித்திறன் குறைபாட்டுக்குச் சான்று பெற்றால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் இலவசமாகவே கிடைக்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். நாங்கள் சுமாரான விலையில் ஒன்றைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டோம்.

முதல் இரண்டு நாள் ரொம்பச் சிரமப்பட்டார். தட்டு வைக்கும் சத்தம், குக்கர் விசில், அவருடைய சொந்தக் குரல், எல்லாமே அவருக்கு இடித்தது. கழற்றி வைப்பார், அப்பத்தா எடுத்து மாட்டிவிடுவார்.

மே 12 சித்ரா பௌர்ணமி. அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் கூட்டத்துக்குள் தாத்தாவைக் கூட்டிப்போக எங்களுக்குத் தைரியம் இல்லை. அதற்கு முந்தின நாள், அழகரை வழியிலேயே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மதுரை புதூரில் அத்தை வீட்டுக்குப் போனோம். அழகர்கோவிலிலிருந்து வரும் அழகர் அந்த வழியாகத்தான் தல்லாகுளத்துக்குப் போவார். வழிநெடுக மண்டகப்படி, துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், செம்பில் சர்க்கரை நிரப்பித் தீபம் ஏற்றி நிற்கும் பெண்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி தாத்தா மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: திருமலை நாயக்கர் திருவிழாவை மாற்றுவதற்கு முன்னால் அழகர் எங்கள் பக்கம் தேனூருக்குத்தான் வந்துகொண்டிருந்தார், இன்றைக்கும் வண்டியூரில் தேனூர் மண்டபம் அதனால்தான் இருக்கிறது என்று. அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். அவரும் பதில் சொன்னார். பல்லக்கு நெருங்கி, கொட்டும் கோவிந்தா கோஷமும் எழுந்தபோது காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கும்பிட்டார். சத்தம் அடங்கும் வரை மாட்டவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

கொடிக்காலில் மகள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கவுளி என்றால் நூறு வெற்றிலை. சென்னையில் அவளுக்கு இருபதுக்கு மேல் தமிழில் எண்ணத் தெரியாது. தினமும் காலையில் தாத்தா மடியில் இலையைக் கொட்டி, ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணவைத்தார். மெஷின் வருவதற்கு முன்னால் அவள் எண்ணுவது அவருக்குக் கேட்காது. இலையைத் தொட்டுப் பார்த்தே, நூறு ஆகிவிட்டதா இல்லையா என்று தலையை ஆட்டுவார். பெரும்பாலும் எழுபதுகளில்தான் அவள் தடுமாறுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அப்பத்தா எடுத்து அவரிடம் கொடுத்தார். நலமா என்று கேட்கும் முன்பே, “நீ இரு. பாப்பாகிட்ட குடு, எண்ணச் சொல்லு” என்றார். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கடகடவென்று எண்ண ஆரம்பித்தாள்.

“நில்லுத்தா,” என்று அங்கிருந்து சத்தம் வந்தது. “எழுபத்தெட்ட விட்டுட்ட.”